உடன்படிக்கையின் இரு வாசகங்கள்: பிரித்தானிய – சீன உறவிற் சொற்பிணக்கு (1834 – 1860)

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிற் பிரித்தானியாவுக்கும் சீனாவுக்குமிடையே இடம்பெற்ற இரு யுத்தங்களும் 'அபின் யுத்தங்கள்' என்றே பொதுவாக அழைக்கப்படுகின்றன. இப்பெயர் பொருத்தமற்றதன்று. தேயிலைக்கு விலையாகச் சீனாவுக்குச் சென்ற வெள்ளியை ஈடுசெய்வதற்கு இந்தியாவில் விளைந்த அபினையே பிரித்தானிய வணிகம் நம்பியிருந்தது. ஆயினும், முதலாம் யுத்தம் முடிவுற்ற 1842ஆம் ஆண்டுக்கும் இரண்டாம் யுத்தம் தொடங்கிய 1856ஆம் ஆண்டுக்கும் இடையில் இரு அரசுகளின் பிரதிநிதிகளும் ஓயாது வாதிட்டது வேறொரு விடயம் பற்றியாகும். ஒப்பமிடப்பட்ட உடன்படிக்கையின் சொற்களுக்கு எது பொருள் என்பதே அவ்விவாதம்.

இவ்விவாதத்தைப் பற்றி இருவேறு கருத்துக்கள் நிலவி வந்துள்ளன. சீனர் ஒப்பமிட்டதை நிறைவேற்றும் எண்ணமற்றவர். ஆதலின் படைபலங்கொண்டே அவர்களைக் கடப்பாட்டுக்குள் கொண்டுவர வேண்டியிருந்தது என்பது அக்காலப் பிரித்தானிய அதிகாரிகளின் கூற்றாகும். உடன்படிக்கைகள் யாவும் சமத்துவமற்றவை. அவற்றின் வாசகங்களை ஆராய்வதிற் பயனில்லை என்பது பிற்காலச் சீனத் தேசியவாதிகள் பலரின் நிலைப்பாடு. முன்னைய கருத்து, இரு தரப்பினரும் ஒப்பமிட்டது ஒரே வாசகத்தில் அன்று என்பதை மறைக்கின்றது. பின்னைய கருத்தோ, 1842இற்கும் 1858இற்கும் இடையே நிகழ்ந்த முக்கியமானதொரு மாற்றத்தைக் காணத் தவறுகின்றது. முதலாவது உடன்படிக்கையிற் சீன வாசகத்துக்கும் ஓரளவு பெறுமதி இருந்தது. இரண்டாவது உடன்படிக்கை அப்பெறுமதியைச் சட்டத்தினாலேயே பறித்தது. இம்மாற்றம் எவ்வாறு நிகழ்ந்தது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நேப்பியர் பிரபுவும் கடிதமும்

1834ஆம் ஆண்டு வரை சீன வர்த்தகத்தில் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பனி தனியுரிமை பெற்றிருந்தது. கம்பனியின் பிரதிநிதிகள் கன்ரன் நகரின் மதிலுக்கு வெளியே, ஆற்றோரத்திலிருந்த பண்டகசாலைகளிற் பருவகாலத்தில் மட்டும் தங்கினர். அரசாங்கத்துடன் அவர்கள் நேரடியாகத் தொடர்பு கொள்வதில்லை. அரச அனுமதி பெற்ற ஹொங் வணிகர் ஊடாக விண்ணப்ப வடிவிலேயே தமது வேண்டுகோள்களைச் சமர்ப்பித்தனர். வணிகர் அரச அதிகாரிக்கு எழுதுவது விண்ணப்பமாக இருத்தல் வேண்டும் என்பது சீன நிருவாக மரபு. கம்பனியும் வணிகக் குழுவாகையால் இம்முறையைச் சகித்துக்கொண்டது.

தனியுரிமை நீக்கப்பட்டபின் பிரித்தானிய முடியின் பிரதிநிதியாக, வர்த்தக மேற்பார்வையாளர் என்னும் பதவியுடன் நேப்பியர் பிரபு 1834ஆம் ஆண்டு யூலை மாதத்திற் கன்ரனை அடைந்தார். தமது வருகையை மகாதேசாதிபதிக்குக் கடிதமூலம் நேரடியாக அறிவிக்குமாறு வெளிநாட்டமைச்சர் பாமேஸ்ரன் பிரபு அவரைப் பணித்திருந்தார். அக்கடிதம் விண்ணப்பமன்று என்பதால் மகாதேசாதிபதி லூ குன் அதனை ஏற்க மறுத்தார். வர்த்தகம் நிறுத்தப்பட்டது, பீரங்கிகள் முழங்கின, நோயுற்ற நேப்பியர் பின்வாங்கி, ஒக்டோபர் மாதத்தில் மக்காவோவில் இறந்தார். ஒரு கடிதத்தின் வடிவம் பற்றிய பிணக்கே இவ்வளவுக்கும் காரணமாயிற்று.

இப்பிணக்கிற் மொழிபெயர்ப்பு வகித்த பங்கு ஈண்டு நோக்கற்பாலது. சீன ஆவணங்களில் நேப்பியர் 'யி மு' எனக் குறிப்பிடப்பட்டார். 'மு' என்னும் சொல்லுக்குக் கண் என்பதும் பொருள். தலைவர் என்பதும் பொருள். அந்நியரின் தலைவர் என்பதே அத்தொடரின் கருத்தாகும். ஆனால் அது 'காட்டுமிராண்டிக் கண்' என ஆங்கிலத்திற் பெயர்க்கப்பட்டது. தமிழிலே 'தலைவர்' என்பதைத் 'தலை' என்று பெயர்த்தாற்போன்றதே இது. நகைப்புக்கிடமான இத்தொடர், பிரித்தானிய முடியின் பிரதிநிதி அவமதிக்கப்பட்டார் என்பதற்குச் சான்றாகக் கொள்ளப்பட்டது. 'யி' என்னும் சொல்லின் பொருள் இருபத்துநான்கு ஆண்டுகளின் பின்னர் ஓர் உடன்படிக்கையின் உறுப்புரையாகவே இடம்பெற இருந்தது.

நான்கிங் உடன்படிக்கையின் இரண்டாம் உறுப்புரை

1839இல் ஆணையாளர் லின் சேஷு இருபதினாயிரத்துக்கு மேற்பட்ட அபின் பெட்டிகளைக் கைப்பற்றி அழித்தமையும், அதன் பின்விளைவான யுத்தமும் நன்கறியப்பட்டவை. 1842 ஓகஸ்ட் 29ஆம் திகதி நான்கிங் நகரின் முன்னே நங்கூரமிட்டிருந்த 'கோர்ன்வாலிஸ்' என்னும் போர்க்கப்பலில் உடன்படிக்கை ஒப்பமிடப்பட்டது. பிரித்தானியாவின் சார்பிற் சேர் ஹென்றி பொட்டிஞ்சரும், சீனாவின் சார்பிற் சீயிங், யிலிபு ஆகியோரும் இதனை முடித்துவைத்தனர். ஹொங்கொங் தீவு கையளிக்கப்பட்டது. 2 கோடியே 10 இலட்சம் டொலர் இழப்பீடு விதிக்கப்பட்டது. கன்ரன், அமோய், பூச்சோ, நிங்போ, ஷங்காய் ஆகிய ஐந்து இடங்கள் வர்த்தகத்துக்குத் திறக்கப்பட்டன. அபின் வர்த்தகத்தை எதிர்காலத்திற் சட்டபூர்வமாக்குவது பற்றி உடன்படிக்கை எதுவும் கூறவில்லை.

பேச்சுவார்த்தையின்போது இரு மொழியும் அறிந்தவர்களாக இருந்தோர் பிரித்தானியத் தரப்பின் மொழிபெயர்ப்பாளர்களேயாவர். ஜோன் றொபேட் மொறிசன், கார்ல் குட்ஸ்லாவ், றொபேட் தொம் ஆகியோர் இவர்களில் முக்கியமானவர்கள். சீன வாசகத்தை ஆங்கில வாசகத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும் ஆற்றல் சீனத் தரப்பில் எவருக்கும் இருக்கவில்லை. ஆகவே சீன வாசகத்திலுள்ள வேறுபாடுகளைச் சீனரின் சூழ்ச்சி என்று கூறுதல் பொருந்தாது.

வேறுபாடு இரண்டாம் உறுப்புரையிற் காணப்பட்டது. ஆங்கில வாசகத்தின்படி பிரித்தானியப் பிரசைகள் குடும்பத்தோடு ஐந்து 'நகரங்களிலும் பட்டினங்களிலும்' வசிக்கலாம். கொன்சல் அதிகாரிகளும் அவ்விடங்களிலேயே வசிப்பர். சீன வாசகம் இவ்விரு சாராரையும் வேறுபடுத்திற்று. வணிகரும் குடும்பத்தினரும் அவ்வைந்து இடங்களின் 'துறைமுகங்களில்' தங்கலாம் என்றும், கொன்சல் அதிகாரிகள் 'மதில் சூழ்ந்த நகரங்களில்' வசிக்கலாம் என்றும் அது கூறிற்று. சீன வாசகத்தை மட்டும் அறிந்த ஒருவருக்கு, வணிகர் நகர மதிலுக்குள் நுழைய உரிமையற்றவர் என்பதே நேரடிப் பொருளாகும். எந்த வாசகம் மேலானது என்பது பற்றி உடன்படிக்கையில் விதியெதுவும் இருக்கவில்லை.

இதே உடன்படிக்கையின் பதினோராம் உறுப்புரை நேப்பியர் காலத்துப் பிணக்கைத் தீர்க்க முயன்றது. சம தரத்து அதிகாரிகள் ஒருவருக்கொருவர் எழுதும்போதும், கீழோர் மேலோர்க்கும் மேலோர் கீழோர்க்கும் எழுதும்போதும் பயன்படுத்தவேண்டிய சீனச் சொற்கள் வரையறுக்கப்பட்டன. 'விண்ணப்பம்' என்னும் சொல் வணிகருக்கு மட்டும் உரியதாயிற்று. 1842இல் ஆங்கிலேயர் கோரியது சீன ஆவண மரபுக்குள்ளே தமக்கொரு சமமான இடத்தையே என்பதை இது காட்டுகின்றது.

கன்ரன் நகர்ப் பிரவேசம்

மற்றைய துறைமுகங்களில் நகர்ப் பிரவேசம் பெரும் பிரச்சினையாக வளரவில்லை. ஷங்காயில் முதலாவது பிரித்தானிய கொன்சல் 1843இல் மதிலுக்குள்ளேயே வீடொன்றை வாடகைக்கு அமர்த்தியிருந்தார். கன்ரனின் நிலைமை வேறு. 1841 மே மாதத்தில் அந்நகரைச் சூழ்ந்த பிரித்தானியப் படைகளுக்கு எதிராகச் சன்யுவான்லி என்னும் கிராமப்புறத்து மக்கள் திரண்டெழுந்தனர். கடும் மழையில் துப்பாக்கிகள் நனைந்து செயலற்றுப்போக, சென்னைச் சுதேச காலாட்படையின் 37ஆம் பிரிவைச் சேர்ந்த ஒரு குழுவினர் அம்மக்களாற் சூழப்பட்டுப் பெரும்பாடுபட்டு மீட்கப்பட்டனர். படையியல் நோக்கில் இது சிறு சம்பவமே. ஆயின், அதிகாரிகள் அஞ்சி ஒதுங்கிய அந்நியரை மக்கள் தாமே விரட்டினர் என்ற நம்பிக்கை கன்ரன் பிரதேசத்தில் வேரூன்றியது. ஊர்ப் பெரியோரும் கற்றோரும் ஒழுங்குசெய்த மக்கட்படைகள் இந்நம்பிக்கையைப் பேணின.

ஆகவே சீயிங் இருபுறத்தும் நெருக்கப்பட்டார். 1846 சனவரியில் நகரைத் திறக்கும் நோக்கை அவர் அறிவித்தபோது மக்கள் கிளர்ந்தெழுந்து நகர அதிகாரியின் பணிமனையைத் தாக்கினர். ஏப்பிரலில் ஹொங்கொங் தேசாதிபதி சேர் ஜோன் டேவிசுடன் அவர் செய்துகொண்ட இணக்கத்தின்படி நகர்ப் பிரவேசம் கைவிடப்படாது ஒத்திவைக்கப்பட்டது. அடுத்த ஆண்டு டேவிஸ் ஆற்றுவாயிலிலிருந்த கோட்டைகளைத் திடீரெனக் கைப்பற்றி நெருக்குதல் செய்யவே, இரண்டாண்டுகளில், அதாவது 1849 ஏப்பிரலில், நகரம் திறக்கப்படும் எனச் சீயிங் வாக்களித்தார். இவ்விரு இணக்கங்களும் சீனத் தரப்பின் வாதத்தைப் பலவீனப்படுத்தின என்பதை மறுப்பதற்கில்லை. வாசகத்தில் இல்லாத உரிமையை வாக்குறுதியாற் சீயிங் ஏற்றுக்கொண்டுவிட்டார்.

1849இற் சீயிங் பதவியில் இருக்கவில்லை. மகாதேசாதிபதி ஷு குவாங்சினும் ஆளுநர் யே மிங்செனும் மக்கட்படைகளின் ஆதரவோடு பிரவேசத்தை எதிர்த்தனர். பிரித்தானியர் ஒரு தடவை நுழைய இடமளிக்கலாம் எனப் பேரரசர் தாவோகுவாங் இணங்கியிருந்தார். ஆனால் ஷு அவ்வாணையை வெளியிடாது, மக்களின் விருப்புக்கு மாறாக நகரைத் திறக்க இயலாது எனப் பேரரசர் கூறுவதாகப் புனைந்த வாசகமொன்றைத் தேசாதிபதி பொன்ஹமுக்கு அனுப்பினார். பொன்ஹம் பின்வாங்கினார். மகிழ்ச்சியுற்ற பேரரசர் ஷுவுக்கும் யேக்கும் பிரபுப் பட்டங்கள் வழங்கினார். கன்ரன் மக்கள் இதனை வெற்றியாகக் கொண்டாடினர். பாமேஸ்ரன் இதனை வாக்குமீறலாகக் குறித்துவைத்தார். புனைந்த ஆணையொன்றினாற் பெற்ற வெற்றி, உண்மையான வாசகத்திலிருந்த நியாயத்தையும் மங்கச்செய்தது எனலாம்.

திருத்தக் கோரிக்கையும் 'அரோ' கப்பலும்

1854இற் பிரித்தானியா உடன்படிக்கையைத் திருத்தவேண்டுமெனக் கோரிற்று. நான்கிங் உடன்படிக்கையிற் திருத்தம் பற்றிய ஏற்பாடு எதுவுமில்லை. ஆனால் 1844இல் அமெரிக்கா செய்த வாங்ஷியா உடன்படிக்கையிற் பன்னிரண்டு ஆண்டுகளின் பின் மாற்றங்கள் பற்றிப் பேசலாம் என்றிருந்தது. பிற நாட்டினர்க்கு அளிக்கப்படும் சலுகை தமக்கும் உரியது என்று 1843இன் துணை உடன்படிக்கை கூறுவதால், அமெரிக்கரின் பன்னிரண்டு ஆண்டுகள் தமக்கும் உரியவை என்றும், அவை 1842இலிருந்தே எண்ணப்படவேண்டும் என்றும் பிரித்தானியா வாதிட்டது. அமெரிக்க உடன்படிக்கையின் காலம் 1856இலேயே நிறைவெய்தும் என்பதை நோக்கும்போது இவ்வாதத்தின் நெகிழ்ச்சி புலனாகும். கன்ரனில் சீன வாசகத்தின் சொல்லைப் பற்றிநின்றவர்களை வாக்குமீறுவோர் என்றவர்கள், தமக்கு வேண்டியவிடத்து ஓர் உடன்படிக்கையின் உறுப்புரையை மற்றோர் உடன்படிக்கையினுட் புகுத்தினர். மகாதேசாதிபதியாக உயர்ந்திருந்த யே மிங்சென் எக்கோரிக்கைக்கும் இணங்காது காலங்கடத்தினார்.

1856 ஒக்டோபர் 8ஆம் திகதி கன்ரன் துறையில் 'அரோ' என்னும் கப்பலிற் சீன அதிகாரிகள் ஏறி, கடற்கொள்ளைச் சந்தேகத்தின்பேரிற் சீன மாலுமிகள் பன்னிருவரைக் கைதுசெய்தனர். கப்பலின் உரிமையாளர் சீனர், மாலுமிகள் சீனர், தலைவன் மட்டும் ஆங்கிலப் பிரசை. அது ஹொங்கொங்கிற் பதிவுசெய்யப்பட்டிருந்தது. பிரித்தானியக் கப்பலில் உள்ள சீனக் குற்றவாளிகளைக் கொன்சல் மூலமே கோரிப் பெறவேண்டும் என்பது துணை உடன்படிக்கையின் விதி. இவ்விதி மீறப்பட்டது என்றும், பிரித்தானியக் கொடி இறக்கப்பட்டது என்றும் கொன்சல் ஹரி பார்க்ஸ் முறையிட்டார். கொடி அவ்வேளை பறக்கவில்லை என்றும், கப்பல் சீனருடையது என்றும் யே பதிலளித்தார்.

உண்மையில் அக்கப்பலின் பதிவு செப்டெம்பர் 27ஆம் திகதியே காலாவதியாகிவிட்டது. ஹொங்கொங் தேசாதிபதி சேர் ஜோன் பௌரிங் இதனை அறிந்திருந்தார். கப்பலுக்குப் பிரித்தானியப் பாதுகாப்புப் பெறும் உரிமை இல்லை என்றும், ஆனால் சீனருக்கு இது தெரியாது என்றும் அவர் பார்க்சுக்கு எழுதினார். பன்னிரு மாலுமிகளையும் யே திருப்பி அனுப்பினார். ஆனால் மன்னிப்புக் கோரவில்லை. கடற்படைத் தளபதி சீமோர் கோட்டைகளைக் கைப்பற்றி, யேயின் பணிமனைமீது பீரங்கித் தாக்குதல் நடத்தினார். அத்துடன் கோரிக்கையும் மாறியது. மாலுமிகளைப் பற்றித் தொடங்கிய பிணக்கு, கன்ரன் நகர்ப் பிரவேச உரிமை பற்றிய பழைய பிணக்காக உருமாறிற்று. பதினான்கு ஆண்டுகளாகத் தீராதிருந்த இரண்டாம் உறுப்புரையின் சொல் வேறுபாட்டுக்குப் பீரங்கி விடைகூறத் தொடங்கியது.

பௌரிங்கின் கடிதம் இலண்டனில் வெளியிடப்பட்ட ஆவணங்களில் இடம்பெற்றது. பிரபுக்கள் சபையில் டேர்பி பிரபுவும், பொதுமக்கள் சபையில் றிச்சட் கொப்டனும் அதனை எடுத்துக்காட்டி அரசாங்கத்தைச் சாடினர். 1857 மார்ச் 3ஆம் திகதி கொப்டனின் பிரேரணை 263 வாக்குகளுக்கு 247 என்னும் கணக்கில் நிறைவேறிற்று. அப்பொழுது பிரதமராயிருந்த பாமேஸ்ரன் பாராளுமன்றத்தைக் கலைத்தார். தேசிய கௌரவத்தை முன்னிறுத்திய தேர்தலில் அவர் பெருவெற்றி பெற, கொப்டன் தமது ஆசனத்தை இழந்தார். சட்ட நியாயம் சபையில் வென்றது, வாக்காளரிடையே தோற்றது.

தியன்சின்: பொருளுரைக்கும் உரிமை

சிறப்புத் தூதராக அனுப்பப்பட்ட எல்ஜின் பிரபுவின் படைகளிற் பெரும்பகுதி 1857இல் இந்தியச் சிப்பாய் எழுச்சியை அடக்கத் திசைதிருப்பப்பட்டமையால் நடவடிக்கை தாமதித்தது. அவ்வாண்டு இறுதியில் பிரெஞ்சுப் படைகளோடு இணைந்து கன்ரன் கைப்பற்றப்பட்டது. யே சிறைப்பட்டுக் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டு, 1859இல் அங்கேயே இறந்தார். அவரது பணிமனையிலிருந்து பெருந்தொகையான ஆவணங்கள் பிரித்தானியரின் கைக்கு வந்தன. அந்நியரை இன்சொல்லாலும் உபசாரத்தாலும் வசப்படுத்துவது பற்றிச் சீயிங் 1844இற் பேரரசருக்கு எழுதிய முறைப்பாடு அவற்றுள் ஒன்று.

1858 யூனிற் தியன்சினிற் பேச்சுவார்த்தை நடைபெற்றபோது, முதுமையடைந்திருந்த சீயிங் பழைய நட்பை எண்ணி அங்கு அனுப்பப்பட்டார். எல்ஜினின் மொழிபெயர்ப்பாளர்களான தோமஸ் வேட், ஹொரேஷியோ லே ஆகியோர் அவ்வறிக்கையை அவர் முன்னிலையிலேயே எடுத்துக்காட்டினர். அவமானமுற்ற சீயிங் அனுமதியின்றித் தியன்சினை விட்டு நீங்கினார். அக்குற்றத்துக்காகத் தற்கொலை செய்துகொள்ளுமாறு பேரரசர் ஆணையிட்டார். இரு வாசகங்களுக்கிடையே இருந்த இடைவெளியிற் சமாதானத்தைப் பேண முயன்ற மனிதர், அவ்விடைவெளி மூடப்பட்ட வேளையில் இரு தரப்பாலும் தண்டிக்கப்பட்டார்.

யூன் 26ஆம் திகதி ஒப்பமிடப்பட்ட தியன்சின் உடன்படிக்கை 56 உறுப்புரைகளைக் கொண்டது. புதிய துறைமுகங்கள், பீக்கிங்கிற் தூதுவர் வாசம், உள்நாட்டுப் பிரயாணம், இழப்பீடு என்பன பற்றி நூல்கள் விரிவாகக் கூறும். 50ஆம், 51ஆம் உறுப்புரைகளோ அவ்வளவு கவனம் பெறவில்லை. இனிமேற் பிரித்தானிய அதிகாரிகளின் கடிதங்கள் ஆங்கிலத்தில் எழுதப்படும். தற்காலிகமாகச் சீன மொழிபெயர்ப்பு இணைக்கப்படும். இரண்டுக்குமிடையே வேறுபாடு தோன்றின் ஆங்கில வாசகத்தின் பொருளே சரியானதெனக் கொள்ளப்படும். இவ்விதி இவ்வுடன்படிக்கைக்கும் பொருந்தும் என்பது 50ஆம் உறுப்புரையின் சாரமாகும். கன்ரனிற் பிரித்தானியர் எதிர்நோக்கிய வாதம் எதுவோ, அது இனி எழ முடியாதவாறு தடுக்கப்பட்டது.

51ஆம் உறுப்புரை, பிரித்தானிய அரசையோ பிரசைகளையோ குறிக்கும் சீன அரச ஆவணங்களில் 'யி' என்னும் எழுத்து இடம்பெறலாகாது என விதித்தது. 'யி' என்பது காட்டுமிராண்டியைக் குறிக்கும் என்பது பிரித்தானியரின் துணிபு. முன்னாளிற் கம்பனியின் மொழிபெயர்ப்புகளில் அது 'அந்நியர்' என்றே பெயர்க்கப்பட்டதுமுண்டு. பழம்பெரும் மன்னனான ஷுன் கிழக்கத்திய 'யி' இனத்தவன் என மென்சியஸ் கூறியிருப்பதையும் சீனர் காட்டினர். அச்சொல்லை அதிகாரிகள் இகழ்ச்சியாகப் பயன்படுத்திய சந்தர்ப்பங்களும் உளவென்பது உண்மையே. ஆயின், சீனச் சொல்லொன்றுக்குப் பொருள் யாது என்பதை ஆங்கிலேயர் தீர்மானித்து, அத்தீர்மானத்தை உடன்படிக்கையால் நிலைநாட்டினர் என்பதே இங்கு முக்கியம். 1842இற் சீன ஆவண மரபுக்குள் சமத்துவம் கோரியவர்கள், 1858இல் அம்மரபின் மீதே அதிகாரம் பெற்றனர். அவ்வாண்டு நவெம்பரிற் ஷங்காயில் முடிவான தீர்வைப் பட்டியலில், ஒரு பிக்கலுக்கு 30 தேயல் வரியுடன் அபினும் சட்டபூர்வ வணிகப்பொருளாயிற்று.

பாதை பற்றிய பிணக்கு

உடன்படிக்கையின் உறுதியாவணங்கள் ஓராண்டினுட் பீக்கிங்கிற் பரிமாறப்படவேண்டும் என இறுதி உறுப்புரை கூறிற்று. எவ்வழியாகச் செல்லவேண்டும் என்பதை அது கூறவில்லை. 1859 யூனில் வந்த பிரித்தானியத் தூதர் பிரெடரிக் புரூசை வடக்கேயுள்ள பேதாங் வழியாக வருமாறு சீனர் கேட்டனர். தாக்கு ஆற்றுவாயில் தடைசெய்யப்பட்டிருந்தது. புரூஸ் தடைகளை உடைத்துச் செல்ல முயல, கோட்டைகளின் பீரங்கிகள் முழங்கின. பிரித்தானியரில் நானூறுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டும் காயமுற்றும் போயினர். அமெரிக்கத் தூதர் பேதாங் வழியாகவே பீக்கிங் சென்றார். உடன்படிக்கை மௌனஞ்சாதித்த இடத்தில், தம் மண்ணில் வழிகாட்டும் உரிமை தமக்குண்டு எனச் சீனர் கருதினர். எவ்வழியும் தமக்குத் திறந்ததே எனப் பிரித்தானியர் கருதினர்.

1860இல் எல்ஜினும் பிரெஞ்சுத் தூதர் குரோ பிரபுவும் மீண்டும் அனுப்பப்பட்டனர். அவ்வாண்டு மே மாதத்தில் அவர்கள் பயணஞ்செய்த 'மலபார்' என்னும் நீராவிக் கப்பல் இலங்கையின் காலித் துறைமுகத்திற் சேதமுற்று மூழ்கியதும், அவர்கள் உயிர்தப்பிப் பயணத்தைத் தொடர்ந்ததும் ஈண்டுக் குறிப்பிடத்தக்கன. ஓகஸ்டில் நேசப்படைகள் கரையிறங்கிய இடம், முந்திய ஆண்டிற் சீனர் சுட்டிய அதே பேதாங் ஆகும். ஒக்டோபர் 18ஆம் திகதி, கைதிகள் சிலர் கொல்லப்பட்டமைக்குப் பழிவாங்குமுகமாக யுவான்மிங்யுவான் அரண்மனை எரிக்கப்பட்டது. 24ஆம் திகதி குங் இளவரசர் பீக்கிங் இணக்கத்தில் ஒப்பமிட்டார். கௌலூன் கையளிக்கப்பட்டது, இழப்பீடு 80 இலட்சம் தேயலாக இருமடங்காயிற்று.

முடிவுரை

இப்பிணக்குகளை மொழியறியாமையால் விளைந்த தவறுகள் எனக் கொள்ளுதல் மேலோட்டமான பார்வையாகும். இரு வாசகங்களும் வேறுபடுவதை இரு தரப்பினரும் விரைவிலேயே அறிந்துகொண்டனர். அவ்வேறுபாட்டை இரு தரப்பினரும் பயன்படுத்தினர். சீன அதிகாரிகள் அதனைக் காலங்கடத்தும் கருவியாகவும், சில வேளைகளிற் தம் பேரரசரையே மறைக்கும் திரையாகவும் கொண்டனர். பிரித்தானியர் அதனை யுத்தத்துக்குக் காரணமாக்கினர். வேறுபாடு இருபுறமும் இருந்தது. போர்க்கப்பல்கள் ஒருபுறமே இருந்தன. 50ஆம் உறுப்புரை அவ்வலுவின்மையைச் சட்டமொழியிற் பதிவுசெய்தது.

இதன் படிப்பினையைச் சீன அரசு விரைவிலே கற்றது. 1861இல் வெளிநாட்டலுவல்களுக்கான தனிப் பணிமனையும், 1862இல் அந்நிய மொழிகளைக் கற்பிக்கும் கல்லூரியும் பீக்கிங்கில் நிறுவப்பட்டன. ஹென்றி வீட்டனின் சர்வதேசச் சட்ட நூல் 1864இற் சீனத்தில் வெளிவந்தது. அதே ஆண்டில் பிரஷ்யத் தூதரின் போர்க்கப்பல் சீனக் கடற்பரப்பில் மூன்று டென்மார்க் கப்பல்களைக் கைப்பற்றியபோது, அந்நூலின் கோட்பாட்டைக் காட்டியே சீன அதிகாரிகள் அவற்றை விடுவித்தனர். பீரங்கியை எதிர்நோக்காத இடத்திற் சட்டம் பயன்படும் என்பதை அவர்கள் கண்டனர்.

பிரித்தானியாவின் சிறப்புரிமைகள் 1943இல் முடிவுற்றன. ஹொங்கொங் பற்றி 1984 டிசெம்பர் 19ஆம் திகதி ஒப்பமிடப்பட்ட கூட்டுப் பிரகடனம், சீன, ஆங்கில வாசகங்கள் இரண்டும் சம அதிகாரமுடையன என முடிவடைகின்றது. ஹொங்கொங்கின் மீதான இறைமையை மீளப் பிரயோகிப்பதாகச் சீனாவும், ஹொங்கொங்கை மீளக் கையளிப்பதாகப் பிரித்தானியாவும் அதிலே தனித்தனியே கூறின. நான்கிங் உடன்படிக்கை முதலியவற்றின் செல்லுபடி பற்றி இரு நாடுகளும் ஒருமைப்படாமையே இதற்குக் காரணம். 2017இற் சீன வெளிநாட்டமைச்சின் பேச்சாளர் அப்பிரகடனத்தை நடைமுறைப் பயனற்ற வரலாற்று ஆவணம் என வருணித்தார். அது இன்றும் கட்டுப்படுத்தும் என்பது பிரித்தானியாவின் நிலைப்பாடு. வாசகங்கள் சமமாக்கப்பட்டபின்னும், பொருளுரைக்கும் உரிமை யாருக்கு என்ற வினா அகலவில்லை. 1842இல் அவ்வினாவை எழுப்ப வலுவற்றிருந்த அரசு இன்று அதற்குத் தானே விடைகூற முற்படுகின்றது. உடன்படிக்கைகளைப் பயில்வோர், அவற்றின் வாசகத்தோடு அவற்றுக்குப் பொருளுரைத்தோரின் வலுவையும் சேர்த்தே பயிலவேண்டும் என்பதை இவ்வரலாறு உணர்த்துகின்றது.